புள்ளியை எங்கே வைப்பது

வடகரை வீதி, லாபீரின் பழைய இரும்புக் கடை.
அவருக்கே குழப்பம்.
இரும்புமில்லை, பித்தளையுமில்லை,
தராசில் தூசியோடு தொண்ணூறு கிராம்.
"மூங்கில், பிள்ளை. மூங்கிலுக்கு நான் என்ன விலை சொல்ல?"
உடைந்த கப்பல் மணிக்குள் கிடந்ததாம்.
ஒரு தேத்தண்ணிக் காசுக்குத் தந்தார்.
தேத்தண்ணியும் தந்தார்.

சிலைட் ரூல்.
வெள்ளை முகம், மயிரிழை கீறிய கண்ணாடி,
நடுவே நழுவவேண்டிய நாக்கு.
நழுவவில்லை. கடல் மணல்.
பல்தூரிகை, பிறகு கொஞ்சம் முகப்பவுடர்.
இரண்டாம் நாள் இரவு இளகியது.

பின்பக்கத்தில் வேறு அளவுகள்:
கம்பிச்சுருளையும் கொள்ளளவியையும் எதிரெதிரே நிறுத்தினால்
இரண்டும் இணங்கும் மீடிறனைக் காட்டும்.
பள்ளிக்கூடத்தில் அதற்குப் பெயர் பரிவு.
பரீட்சைக்கு எழுதினேன்.
வேறெதையும் அப்போது நினைக்கவில்லை.

கொட்பேயில் படகுகளின் ரேடியோ திருத்துகிறவள் நான்.
போனிலேயே கணக்கி இருக்கிறது.
நூற்று நாற்பத்து மூன்றை ஏழு தசம் ஒன்றால் பிரி என்றால்
புள்ளிக்குப் பின் எட்டு இலக்கம் கொட்டும்.
எந்தக் குறடு அத்தனை இலக்கம் வெட்டும்?

இது மூன்றோடு நிறுத்திக்கொள்கிறது.
ஏழு தசம் ஒன்றை
ஒன்று தசம் நாலு மூன்றின் மேல் வைத்தேன்.
வலக்கோடியில், ஒன்றின் கீழே
இரண்டு, சுழி, ஒன்று.
இரண்டு மீற்றரா, இருபதா, இருநூறா,
சொல்லாது.
புள்ளியை நீ வை.

முற்றத்தை நடந்து அளந்தேன்.
தண்ணீர்த் தாங்கியிலிருந்து மதில்வரை பதினெட்டு.
மிச்சம் இரண்டு
மதிலுக்கு அப்பால், சோமலதா வீட்டு முருங்கையில்.

மதில் தாண்டும் கம்பிக்கு இந்த ஊரில்
விளக்கம் சொல்ல முடியாத காலம் ஒன்றிருந்தது.
டோர்ச் பற்றரிக்கே கேள்வி வரும்.
கம்பிச்சுருளோடு அவள் படலையில் அரைமணி நேரம் நின்றேன்,
உரிமப் பத்திரம் நாலாக மடித்துக் கையில்.
அவள் அதைப் பார்க்கவில்லை.
"உடுப்புக் காயப்போடலாமா?" உடைந்த தமிழில்.
ஏலாது என்றேன், உடைந்த சிங்களத்தில்.
ஏணியைப் பிடித்தாள்.

தெருவில் போன மானொன்று
கம்பியின் நிழலை மோந்துவிட்டுப் போனது.

முள் ஆறு தசம் ஒன்பது ஐந்தில் விழுந்தது.
உப்புக்காற்றோ, முருங்கையோ,
கம்பி தன்னை நீளமாக நினைத்துக்கொண்டது.
மறுபடி நழுவு.
நாற்பத்திரண்டு சென்ரிமீற்றர் வெட்டு,
பக்கத்துக்கு இருபத்தொன்று.

அப்போதுதான் கண்டேன்,
நாலு தசம் ஆறு எட்டில் ஊசியால் கீறிய கோடு.
அச்சில் இல்லாதது.
எதற்கு இது?
சோறு ஆறியது.

அடி!
நானூற்று அறுபத்தெட்டு அடி,
என் நூற்று நாற்பத்து மூன்று மீற்றர்.
யாரோ இதே அரை அலையை
அடிக்கணக்கில் வெட்டியிருக்கிறார்,
எந்தக் கரையிலோ, எந்தத் தளத்திலோ.
அவருக்கும் இது
புள்ளியைச் சொல்லியிருக்காது.

தையல் ஊசி எடுத்து
ஒன்று தசம் நாலு மூன்றில் நானும் கீறினேன்.
கொஞ்சம் கோணல்.

இரவு பத்தரை. இரைச்சல், இரைச்சல்,
அதற்கடியில் மெல்லிய விசையடி,
குறில், நெடில், குறில்.
பெயரை இரண்டு தடவை தவறவிட்டேன்.

வெட்டிய துண்டுகளில் ஒன்றைக் காணவில்லை.
காலையில் பார்த்தால்
சோமலதா பயற்றங்கொடியைக் கட்டியிருக்கிறாள்.