பதினேழாவது வீழ்ச்சி

எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம்.
இந்த நிலவறையில் உடம்பே கிடையாது.
ஒரு தலை. மெக்னீசிய வார்ப்பு. நாலரைக் கிலோ.
மூக்கு என்று ஒரு மேடு மட்டும்;
காதில்லை, எனவே யாரும் திட்டலாம்.

இர்யா திட்டுவதில்லை.
தாடைப் பட்டையை ஒவ்வொரு முறையும்
இரண்டு விரல் இடம்விட்டு மாட்டுகிறாள்,
ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஏற்றுகிறாள்,
மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய்
பொத்தானை அழுத்துகிறாள்.
கீழே, நாற்பத்தைந்து பாகை சாய்ந்த இரும்பு.
மேலே ஒட்டிய உப்புத்தாள்
சாலைக்குப் பதிலாள்.

டக்.

நொடியை ஆயிரமாகக் கிள்ளி
அதில் பத்துக் கிள்ளு எடுத்தால்
அவ்வளவுதான் நேரம்.
இமைக்கலாமா என்று கண் யோசிப்பதற்குள்
தலை விழுந்து, திரும்பி, ஓய்ந்துவிடும்.

மேசைமேல் இன்னொரு தலைக்கவசம் இருக்கிறது.
மருத்துவமனையிலிருந்து காகிதப் பையில் வந்தது.
நெற்றிப் பஞ்சில் ஒட்டிய ஒற்றை நரைமுடியை
அவள் எடுக்கவில்லை.
வலப்பக்கம், காதுக்கு மேலே, தெர்மகோலில்
கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.
ஔலு நகரம், பிப்ரவரி, ரயில் பாலத்தடி.
பனிக்கட்டியைப் புதுப்பனி மூடியிருந்த இடத்தில்
சைக்கிளில் திரும்பிய தபால்காரி.

விரிசலைப் படித்து விழுந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.
அதே ரகக் கவசம் இருபது வாங்கியிருக்கிறார்கள்.
ஒரே விபத்தை இருபது தடவை நடத்திப் பார்க்கலாம்.

முதலில் விரிசல் பிடரிப் பக்கம் போய்விட்டது.
நான்காவதில் நசுங்கியதே தவிரப் பிளக்கவில்லை.
ஒன்பதாவதில் கேமரா ஓடவில்லை;
இர்யா திட்டினாள், கேமராவை.
பிறகு இரண்டு நாள் விடுமுறை, பல்வலி.
பதினேழாவதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தபோது
இரண்டு விரிசலும் ஒரே கையெழுத்து.

திரையில் இரண்டு கோடுகள்.
நேரே வந்த அடி, எல்லைக்குள் அடங்கியிருந்தது.
மண்டையோட்டில் கீறல்கூட இல்லை என்று
மருத்துவமனையும் எழுதியிருந்தது.
மற்றது திருகல்.
அது எல்லையைத் தாண்டி,
படத்தின் விளிம்பையும் தாண்டி ஏறிப்போயிருந்தது.

காலையில் சாப்பிட்ட வீலித் தயிர் ஞாபகம் வந்தது.
கிண்ணத்தைச் சட்டென்று திருகினாள்;
கிண்ணம் திரும்பிவிட்டது,
தயிர் பிந்தித்தான் திரும்பியது.
பிந்திய அந்த இடைவெளியில்
இழை இழையாக இழுபட்டது.
கிண்ணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அக்டோபரில் தபால்காரி ஐலா நேரிலேயே வந்தாள்,
கவசத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள.
"வீட்டு எண்கள் எல்லாம் இருக்கின்றன," என்றாள்.
"இரட்டைப்படை ஆற்றுப் பக்கம், ஒற்றைப்படை எதிரில்.
கதவைத் திறக்கிறவர்களின் பெயர்கள்தான்
எங்கோ தவறான பெட்டியில் விழுந்திருக்கின்றன.
ஸ்கேனில் ஒன்றுமில்லையாம்.
நடிக்கிறேன் என்கிறார் மேலாளர்."

பேசும்போது கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.
இர்யா கூரை விளக்கை அணைத்தாள்.
திரையின் ஒளியைக் குறைத்து அவள் பக்கம் திருப்பி,
வெளியே ஏறிப்போன கோட்டை
விரலால் தொட்டுக் காட்டினாள்.
ஐலா நெடுநேரம் பார்த்தாள்.
"இதற்குப் பிரதி கிடைக்குமா?" என்றாள்.
"இரண்டாகக் கொடுங்கள்.
ஒன்றைத் தொலைத்துவிட்டேன் என்பார் அவர்."

அன்று மேடையில் புது மாதிரி ஒன்று காத்திருந்தது.
ஓட்டுக்கும் உள்ளுறைக்கும் நடுவே
பாலேடு போல மெல்லிய ஓர் அடுக்கு.
தரை ஓட்டைத் திருகட்டும்;
தலை அதைத் தொடராமல்
ஒரு விரல்நகம் பின்தங்கட்டும் என்று.
முழுத் திருகலும் அதில் நிற்காது, இர்யாவுக்குத் தெரியும்.
கொஞ்சம் குறையும். எவ்வளவு என்பதற்குத்தான்
இன்னும் நாற்பது கவசம் பெட்டியில் இருக்கிறது.

மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்
ஐலா காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.
"உள்ளே வழுக்குமா?"
"வழுக்கத்தான் வேண்டும்."

வழுக்கி விழுந்தவளுக்குச்
சிரிப்பு வந்தது,
சற்றுப் பிந்தி.