வராத வண்டிகள்

மாதத்தின் மூன்றாம் வேலைநாள்
லிஸ்பனிலிருந்து கோப்பு வரும்.
இரண்டே எண்கள்.
மலைச்சாலையில் போன வண்டிகள்,
போகும் என்று
பதினாறு வருடம் முன்பு யாரோ எழுதித் தந்த வண்டிகள்.
கழித்துப் போடுவது என் வேலை.
மிச்சத்தை அரசு கட்டும்.

வந்த வண்டிக்கு வந்தவர் கொடுக்கிறார்,
வராத வண்டிக்கு நாங்கள்.
எழுபத்தொன்றாம் பிரிவு,
எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து,
அதன் கீழே ஓர் அமைச்சரின் அழகான கையெழுத்து.

பிப்ரவரியில் நாளொன்றுக்குப் போனவை
மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
போயிருக்க வேண்டியவை எட்டாயிரம்.
ஆக, நாலாயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டு வண்டிகள்
தினமும் எங்கள் மலைமேல்
ஓசையின்றி ஓடுகின்றன.
பனியில் தடம் பதிப்பதில்லை.
காட்டுப்பன்றியை இடிப்பதில்லை.
பெட்ரோல் நிலையத்து ஃபாத்திமா
அவற்றில் ஒன்றுக்குக்கூட ஒரு காப்பி விற்றதில்லை.

எத்தனை நாள்தான் எண்களாகவே பார்ப்பது?
நான் அவற்றுக்கு ஆளேற்றத் தொடங்கினேன்.
முதல் வண்டியில்,
சுகாதார நிலையம் மாலை ஆறுக்கே மூடிவிடாதிருந்தால்
இரவுப் பணிக்குப் போயிருக்கும் செவிலி.
அடுத்ததில்
தொழிற்பேட்டையின் இருநூறு வேலைகளில்
நாற்பத்தோராவது ஆள்.
(பேட்டை இருக்கிறது. விளக்குக் கம்பங்கள் இருக்கின்றன.
செம்மறிகள் மேய்கின்றன, இரவிலும், நல்ல வெளிச்சத்தில்.)
நீல நிற வண்டியில் என் தம்பி எர்மீனியு,
பின்னிருக்கையில் சண்டையிடும் அவன் பிள்ளைகள்,
என் மொழியில்.
நிஜத்தில் அவன் லக்ஸம்பர்கில் சுவர் பூசுகிறான்.
பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டையிடுகிறார்கள்.

வளர்ச்சி, ஆண்டுக்கு நான்கு சதவீதம் என்று
வரைந்திருந்தார்கள்.
ஊர்விட்டுப் போகிறவர்களுக்கு
அந்த அட்டவணையில் கட்டமே இல்லை.
போனவர்களும் இந்தச் சாலை வழியேதான் போனார்கள்.
போன அன்று
வந்த வண்டியாக எண்ணப்பட்டார்கள்.

மார்ச்சில் அமான்ஸியு என் ஜன்னலுக்கு வந்தார்.
இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர்,
ஐம்பத்திரண்டு வயது, சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன.
வாரம் மூன்று முறை நகரத்துக்குப் போய்
ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும்.
பேருந்தை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார்.
பணமில்லை என்றேன்.
என் முத்திரையில் மை இன்னும் காயவில்லை.
அந்தப் பேருந்தின் ஒரு மாதச் செலவு
வராத வண்டிகளின் ஒரு பகல்.
அதைச் சொல்லியிருக்கக்கூடாது,
சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை.
தொப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.
"நானும் அந்தச் சாலையில் போவதில்லையே, அம்மணி.
என்னையும் வராதவர்களோடு
சேர்த்து எழுதிவிடேன்" என்றார்.

ஆகஸ்டில் எல்லோரும் வந்தார்கள்.
ஜெனீவா எண்பலகை, பாரிஸ் எண்பலகை,
கூரைமேல் சைக்கிள், ஜன்னலில் துண்டு.
நாளுக்குப் பதினோராயிரம்!
மூவாயிரம் அதிகம், இனி அவர்கள் தர வேண்டும் என்று
கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே சிரித்தேன்.
எதிர்மேசை அடெரிட்டு
எழுபத்திரண்டாம் பிரிவைத் திருப்பிக் காட்டினான்.
எட்டாயிரத்துக்கு மேல் வருவது நிறுவனத்துக்கு.
"மழையில் நனைவது நாம்,
குடை வாடகை அவனுக்கு.
வெயிலடித்தால் வெயிலும் அவனுக்கு" என்றவன்
ஆரஞ்சுப் பழத்தை உரிக்கத் தொடங்கினான்.

நிறுவனம் இப்போது அந்த நிறுவனமில்லை.
இரண்டு முறை கைமாறிவிட்டது.
கடைசியாக வாங்கியது வடக்கே ஓர் ஓய்வூதிய நிதி.
என் தம்பியின் சம்பளத்தில்
மாதாமாதம் பிடிக்கிறார்களே, அதுவாகவும் இருக்கலாம்.
தொலைபேசியில் கேட்டேன்.
பெயர் தெரியாது என்றான், நீளமான பெயராம்.
அமான்ஸியு எப்படி இருக்கிறார் என்று கேட்டான்.
பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

நேற்று வேலை முடிய இரவாகிவிட்டது.
பழைய சாலையில்தான் திரும்புவேன்,
குழிகளின் எண்ணிக்கை எனக்கு மனப்பாடம்.
மேம்பாலத்தடியில் வண்டியை நிறுத்தி
மேலே பார்த்தேன்.
நான்கு தடம், நல்ல தார், நிலா.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு நரி,
அவசரமில்லாமல், நடுக்கோட்டின் மேலேயே நடந்து
சுங்க வளைவைக் கடந்தது.
கேமரா மின்னியது.

அது எண்ணப்பட்டதா என்பது
மூன்றாம் வேலைநாள் தெரியும்.
எண்ணப்பட்டிருந்தால்
அரசுக்கு ஒரு வண்டி மிச்சம்.