உப்பிட்டவன்

ஏப்ரல் கடைசி வாரம்.
நர்சரியின் கண்ணாடிக் கூடத்தில்
சேற்றுக் காலணியோடு நிற்கிறேன்.
வெளியே, சுப்பீரியர் ஏரியோரம்
அழுக்குப் பனி இன்னும் குவிந்து கிடக்கிறது.
குவித்தவன் நான்தான்.

நவம்பர் தொடங்கி இந்த ஊர்ச் சாலைகளில்
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
முன்னால் இரும்புத் தகடு, பின்னால் உப்பு.
விடிகாலை மூன்று மணிக்கு
என் வீட்டு வாசலையும் கடக்கிறேன்.
அங்கே மட்டும் கொஞ்சம் குறைத்துத் தூவலாம்.
குறைத்ததில்லை.

போன கோடையில் இல்மி நட்ட ரோஜா
மார்ச்சில் வெறும் குச்சியாக நின்றது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
குச்சியைப் பிடுங்கிவந்து
என் வண்டிச் சாவி மாட்டும் ஆணியில்
தொங்கவிட்டாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம்.
எங்கள் வீட்டு மண்
மறப்பதாகவே இல்லை.

"எத்தனை டிகிரி தாங்கும்?" என்கிறேன்.
"குளிர் கொல்லாது, ரெய்னோ" என்கிறாள்
கடைக்காரி வெர்னா.
"பிப்ரவரியில் இரண்டு நாள் வெயிலடிக்குமே, அதுதான்.
மண் இளகும், இறுகும், மறுபடி இளகும்.
ஆடுகிற பல்லைப்போல
வேரை மேலே தள்ளிவிடும்."

டெல்ஃபினியத்தைத் தொட்டுப் பார்க்கிறேன்.
அத்தனை நீலம்.
ஏரிக்காற்று ஒரே இரவில் முறித்துவிடும்.
பியோனிக்கு உப்பு ஆகாது.
லூபின் சாலையோரம் எங்கும் முளைக்கிறது,
அழையா விருந்தாளிக்கு
எதற்குக் காசு?

ஜூலைக்கு டேலில்லி:
பூவுக்கு ஒரு நாள் ஆயுசு,
கிழங்குக்கு என்னைவிட அதிகம்.
செப்டம்பருக்குச் செடம்,
முதல் உறைபனியில்தான் அதற்கு முகம் சிவக்கும்.
ஜூனுக்கு?
இறகு இலையோடு மூலையில் ஒன்று.
சீட்டைப் புரட்டுகிறேன்.
பெயர்: யாரோ.
"தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது,
உப்பைப் பற்றிப் பேச்சே எடுக்காது" என்கிறாள் வெர்னா.
யாரோ நாலு வாங்கினேன்.

இல்மி பார்த்தாள்.
"ரோஜா இல்லையா?"
"இல்லை."
மண்வெட்டி எடுத்துவரப் போனாள்.

நட்டு முடித்ததும் உள்ளே போய்
ஆணியிலிருந்த குச்சியைக் கொண்டுவந்தாள்.
சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி
பாத்தியின் சாலைப்பக்க ஓரத்தில்
ஆழமாக அறைந்தாள்.

"பனி மூடினால் இதெல்லாம் எங்கே என்று
உனக்கே தெரியாது.
தகட்டை இதற்கு இந்தப் பக்கம் கொண்டுவராதே."

உப்பைப் பற்றி
அவளும் பேசவில்லை,
நானும் பேசவில்லை.