சுருள் எந்தப் பக்கம்

கொக்குவில் ஸ்டேஷனுக்குப் பின்னால்
சீமெந்து வெடித்த முற்றத்தில்
ஏ ஃபோர்ட்டி வாய் பிளந்து நின்றது.
வாங்கி ஆறு கிழமை.
ஓடினது நாலு நாள்.

பெற்றோல் வழிந்து வழிந்து
மதிலோரத்துப் பசளிக்கொடி கருகிவிட்டது.
'காபரேட்டர்தான். வேறொண்டும் இல்லை'
என்று சொன்னது நான்.
காபரேட்டர் எது என்று
அன்று காலைதான் கண்டுபிடித்திருந்தேன்.

சுன்னாகத்துப் பழைய இரும்புக்கடையில்
பதினெட்டாயிரம் சொல்லிப் பதினாலுக்குத் தந்தார்கள்,
வடை மாதிரிப் பேப்பரில் சுற்றி.

'ஒவ்வொண்டாக் கழட்டு, நான் படமெடுக்கிறன்'
என்றாள் றஜிதா.
அவளுடைய ஃபோனில் பின்பக்கக் கமரா
உடைந்து மாதக்கணக்கு.
முகம் பார்க்கிற கமராவை
எஞ்சின் பக்கம் திருப்பி
கழுத்தைச் சரித்துச் சரித்து எடுத்தாள்.
பதினொரு படம்.
ஒன்றில் என் மூஞ்சி மட்டும்.

பெற்றோல் குழாய். சோக் வயர்.
ஒரு சின்னச் சுருள்,
கழன்ற கையோடு துள்ளிக்
கிணற்றடிக்குப் போய்
முக்கால் மணித்தியாலம் தேடவைத்தது.
இரண்டு நட்டில் ஒன்று
வரமாட்டேன் என்று நின்றது.
தேங்காயெண்ணெய் விட்டேன். கெஞ்சினேன்.
வந்தபோது
புறங்கைத் தோலும் கொஞ்சம் வந்தது.

பழையதைக் கவிழ்த்தேன்.
கிண்ணத்தின் அடியில்
புளிக்கரைசல் நிறத்தில் வண்டல்.
இன்னும் மண்ணெண்ணெய் மணந்தது.
எந்த இரவோ,
யாருடைய அவசரமோ.
'ஊத்து' என்றாள்.
ஊற்றினேன்.

பூட்டியது படம் பார்த்துத்தான்,
கடைசியிலிருந்து முன்னுக்கு.
திறப்பைத் திருப்பினேன்.
முதல் தரம் இருமல்.
இரண்டாம் தரம் பேச்சில்லை.
மூன்றாம் தரம்
ஏ ஃபோர்ட்டி கத்திய கத்தலில்
காகமெல்லாம் எழும்ப,
பக்கத்து வீட்டுக் குணநாயகம்
பாதிச் சவரத்தோடு மதிலுக்கு மேலே முளைத்தார்.
நிப்பாட்டு, நிப்பாட்டு!

நான் காலே வைக்கவில்லை, சத்தியமாக.

படங்களைத் திரும்பத் தள்ளித் தள்ளிப் பார்த்தோம்.
எல்லாம் சரி. அப்படியேதான்.
மூஞ்சிப் படத்தில் அவள் விரல் நின்றது.
'உன்ர மச்சம் எப்ப இந்தப் பக்கம் வந்தது?'

கண்ணாடிக்குள் இருந்ததைப் பார்த்துக்
கண்ணாடிக்கு வெளியே பூட்டியிருக்கிறேன்.
இழுத்து மூடவேண்டிய சுருள்
இழுத்துத் திறந்துகொண்டிருந்திருக்கிறது.

மாற்றிக் கொழுவினேன்.
இப்போது நடுங்கி நடுங்கி,
ஆனால் நிற்காமல் ஓடுகிறது.
றஜிதா மட்காட்டில் சாய்ந்து
சிரித்து முடியவில்லை.

'எல்லாம் பூட்டியாச்சோ?'
மதிலுக்கு மேலிருந்து குணநாயகம்.

'ஓமோம்' என்கிறேன்,
மிஞ்சின வாஷர் ஒன்று
சூடாகக் கிடக்கிற கையை
மூடிக்கொண்டு.