பதினோரு லிட்டர்

கோப்பையின் வரலாற்றில்
எங்கள் தோட்டத்தின் பெயர் கிடையாது.
டீசல் கணக்கில் இருக்கிறது,
என் கையெழுத்தில்.

முதல் தடவை, நாற்பத்தொன்பதில்,
பிரஸ்டன் என்ற குளிர் ஊரில்
டென்மார்க்கை எட்டுக்கு ஒன்று என்று மலாயா வென்றபோது
சுங்கை சிப்புட்டில் அவசரகாலம்.
வெட்டுக்காட்டுக்குப் போகிறவர்கள்
சோற்றுத் தூக்கைத் திறந்து காட்டிவிட்டுப் போனார்கள்.
வெற்றிச் செய்தி
கருவாடு சுற்றிய தாளில் வந்து சேர்ந்ததாம்,
பாதி எண்ணெயில் ஊறி.
எட்டு தெரிந்தது. ஒன்று தெரியவில்லை.

ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து:
கோப்பை வேறு வீடு அறியாதது போல் இருந்தது.
ஐம்பத்தெட்டில், நாடு சுதந்திரமாகி
ஒரு வருஷம்கூட நிறையவில்லை,
சிங்கப்பூரில் வைத்து இந்தோனேசியா கொண்டுபோனது.

அறுபத்தேழு, ஜகார்த்தா.
கூச்சலில் ஆட்டம் நடுவே நின்றுவிட்டது.
மீதியைக் கடிதங்கள் ஆடி முடித்தன.
ஒருநாள் தபால் சொன்னது, நாம்தான் ஜெயித்தோம் என்று.
அடுத்த இரண்டு வருஷத்தில்
லயத்துக்கும் தபால் வந்தது:
சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்போர்
வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும்.

ஆட்டத்தில் சட்டம் எளிது.
பூப்பந்து கோட்டின் ஓரத்தைத் தொட்டாலே போதும்,
உள்ளே.
தோட்டத்துப் போட்டிகளில் நான் கோட்டு நடுவர்.
சுண்ணாம்புக் கோட்டில் இறகு பட்டால்
சின்னதாய் ஒரு புகை எழும்.
அதைப் பார்த்துச் சொல்வேன், சந்தேகமே இருக்காது.

அப்பலசாமி இரண்டாம் டிவிஷனில் பிறந்தவர்.
பத்திரம் இல்லை.
எஞ்சின் டிரைவர்.
காலை நாலு மணிக்கு அவர் கைப்பிடியைச் சுற்றினால்தான்
லயத்தில் விடியும்.
ராத்திரி பத்து மணிக்கு அணைப்பார்.
துரை உத்தரவு.
கல்யாணம், காரியம் எதற்கும் பத்து பத்துதான்.

தொண்ணூற்றிரண்டு மே மாதம்.
கோலாலம்பூரில் இறுதியாட்டம், மறுபடி அதே இந்தோனேசியா.
இருபத்தைந்து வருஷத்துத் தாகம்.
மண்டபத்தில் ஒரே டிவி,
ஜன்னல் கம்பியில் பிள்ளைகள் வௌவால்கள் மாதிரி.
பக்கத்துப் பலகைவீட்டுக் கம்பத்திலிருந்து ஆ சோங்கும்
இட்ரிஸும் சைக்கிளை மிதித்து வந்திருந்தார்கள்.
பத்தடிக்க ஐந்து நிமிஷம்.
யாரும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை,
தலைக்கு மேல் பல்பைப் பார்த்தோம்.

பத்து.
பத்தேகால்.
பல்பு எரிந்தது.

பத்தரைக்கு பங்களாவிலிருந்து ஜீப் வரும் என்று பயந்தேன்.
வரவில்லை.
பிறகு பயப்பட நேரமில்லை:
மூன்றுக்கு இரண்டு என்று வந்து முடிந்தபோது
யாரோ என் கண்ணாடியை மிதித்துவிட்டார்கள்.
இட்ரிஸ் என்னைத் தூக்கினாரா, நான் அவரையா,
நினைவில்லை.

எஞ்சின் அறை ஆற்றோரம், கால் மைல் தள்ளி.
அங்கே டிவி கிடையாது.
எஞ்சின் சத்தத்தில் எங்கள் கூச்சலும் கேட்டிருக்காது.
எது முடிந்ததும் அணைப்பது என்று
அவருக்கு எப்படித் தெரிந்தது?
கேட்டால் சொன்னார்:
"மண்டபத்திலிருந்து டார்ச் லைட்டெல்லாம் கிளம்பி
லயத்துக்குப் போச்சு. அணைச்சேன்."

திங்கட்கிழமை துரை டீசல் தொட்டியில்
குச்சி விட்டுப் பார்த்தார்.
பதினோரு லிட்டர் குறைவு.
கோபமில்லை, ஒரு விரலால் புத்தகத்தைக் காட்டினார்.
நான் எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?
'கவனக்குறைவு' என்று எழுதினேன்.
இத்தனை வருஷம் கழித்தும்
அந்த ஒரு சொல்லுக்கு என்னால் நல்ல எழுத்து வரவில்லை.

அப்புறம் கோப்பை இந்தப் பக்கம் வரவேயில்லை.
டில்லியில் ஒருமுறை கையெட்டும் தூரம்,
அதே மூன்றுக்கு இரண்டு, இம்முறை நம் பக்கம் இரண்டு.
சிப்புட் என்றால் நத்தை,
ஊர்ப்பெயரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை.

சம்பள நாளில்
மேஜைக்கு முன்னால் நின்றார்.
பிடித்த காசை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
அவர் கேட்டது வேறு:
"எத்தனைக்கு எத்தனை, கிராணி?"
"மூணு ரெண்டு."
தலையை ஆட்டிக்கொண்டு
கட்டைவிரலை மையில் தொட்டு
தாளில் அழுத்தினார்.

கட்டத்துக்குள் சரியாக விழவில்லை.
கோட்டின்மேல் விழுந்தது.