நில்

ஹொரிகாவா எங்கள் கருவிகளைத் திருத்த வந்தவர்.
கொப்பியில் எழுதி வைத்திருந்தார்:
வா. வாரும். வாங்கோ.
தங்கள் பாஷையிலும் மரியாதை
வினைச்சொல்லின் வாலில்தான் இருக்கிறதாம்.
இரண்டாம் கிளாசோடு
வால் கழன்றுவிடும் என்று சிரித்தார்.

ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, வீரைக் காட்டோரம்,
சிவப்புத் தடிகளுக்கு நடுவே
ஒரு மீற்றர் அகலம் என்னுடையது.
மேற்பார்வை பவாகரன் சேர்.
முந்திக் கணக்குப் படிப்பித்தவர்,
நாய்க்கும் "தள்ளுங்கோ" என்பார்.
நாலு வருஷமாய் எனக்கும் அவருக்கும்
நீங்கள், நீங்கள்.

வியாழன், பத்தேகால்.
நிழலுக்கோ எதற்கோ
கயிற்றைக் கடக்க அவர் கால் தூக்கினார்.
"நில்லடா!"
என் குரல்தான்.

கால் அந்தரத்தில் நின்றது.
பிறகு, வந்த தடத்திலேயே, மெல்லப் பின்னுக்கு.

பின்னேரம் அந்த இடத்தைக் கிண்டினோம்.
மீன் ரின் மூடி.

தேத்தண்ணிக் கொட்டிலில்
"சேர், நீங்கள் குறை நினைக்க..."
வசனம் பாதியில் நொண்டியது.
அவர் கோப்பையை என் பக்கம் தள்ளி
"குடியும்" என்றார்.
நாலு வருஷத்தில் முதல் "உம்".
இறங்கினாரா, கிட்ட வந்தாரா?
கேட்கவில்லை.
"நீரும் இரும்" என்றேன்,
நாக்கு கொஞ்சம் சுட்டது,
தேத்தண்ணியும் சூடுதான்.

ஹொரிகாவா பென்சிலோடு வந்தார்:
நில்லடா எந்தப் படி?
நாங்கள் இரண்டு பேரும்
வாய் திறக்கவில்லை.
கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
அதைத் தனியே எழுதினார்,
பக்கத்தில் படமும் கீறினார்:
தூக்கிய ஒரு சப்பாத்து,
கீழே
ஒன்றும் கீறாத வெள்ளை.