முரட்டு மீன்

ரயில் பாலத்தின் மூன்றாம் தூணடியில்
ஆறு இன்னும் மூடவில்லை.
மற்ற இடமெல்லாம் பனிக்கட்டி.
இங்கே மட்டும் ஒரு பேருந்து நீளத்துக்குக்
கறுப்பாய் ஓடுகிறது டெ மொயின்.

பன்றி ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து
கையில் கிருமிநாசினி வாடை போகாமல்
நேரே வந்துவிட்டேன்.
வீட்டில் ஹீட்டர் உண்டு, படுக்கை உண்டு,
பேச ஆளில்லை.
இங்கேயும் இல்லைதான். ஆனால் இங்கே
அது குறையாகத் தெரிவதில்லை.

புழு கிடையாது. மாவுருண்டை கிடையாது.
மும்முள் கொக்கி ஒன்று,
அதன் கீழே கட்டைவிரல் பருமனில் ஈயம்.
வீசு. மூழ்கவிடு. ஐந்து எண்ணு.
வெடுக்கென்று இழு.
ஒன்றுமில்லை.
சுற்று. மறுபடி வெடுக்கென்று இழு.
ஒன்றுமில்லை.
கம்பின் வளையங்களில் பனி அடைத்துக்கொள்ளும்,
வாயருகே வைத்து ஊதி உருக்கவேண்டும்.
இரும்பில் உதடு பட்டால்
தோலோடுதான் திரும்பும்.
ஒருமுறை திரும்பியது.

ஜனவரிக் கெண்டைக்குப் பசியில்லை.
சேற்றுக்கு ஒரு சாண் மேலே
விறகு அடுக்கினாற்போல் கிடக்கும்.
கண்ணெதிரே விருந்தே வைத்தாலும்
வாய் திறக்காது.
ஆசையற்ற ஒன்றைப் பிடிக்க
இது ஒன்றுதான் வழி:
இருட்டுக்குள் முள்ளை எறிந்து
எங்கே மாட்டுமோ அங்கே மாட்டட்டும் என்று இழுப்பது.

"இரை வைப்பவன் பொய்யன்"
அடுத்த தூணடியில் இருந்து வெர்லின் சொல்வான்.
"நாம் வெறும் திருடர்கள், மார்லிஸ்.
அதிலே ஒரு நேர்மை இருக்கு."

ஏழு மணிக்கு முதல் கனம்.
வாலில் மாட்டியிருந்தது.
வாயில் மாட்டிய மீன் நம் பக்கம் வரும்,
வாலில் மாட்டியது தன் பாட்டுக்கு
வீட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.
பத்து நிமிடம், தோள் கழன்றுவிடும்போல.
பித்தளை நாணயம் பித்தளை நாணயமாய்ச் செதில்.
அடுத்து முதுகில் மாட்டிய ஓர் எருமைமீன்,
பிறகு செவுளோரம் இன்னொரு கெண்டை.

சட்டப் புத்தகம் இவற்றை
முரட்டு மீன் என்கிறது.
எத்தனையும் எடுக்கலாம், எப்படியும் எடுக்கலாம்.
பனியில் போட்டால் ஒன்றிரண்டு தரம் துள்ளி
அப்படியே விறைத்துக் கிடக்கின்றன.
முரட்டுத்தனம் எதையும் நான் பார்த்ததில்லை.

செனாடா வாளியோடு இறங்கி வந்தாள்.
ஆலையில் எனக்கு எதிர் வரிசையில் கத்தி பிடிப்பவள்.
போஸ்னியாவில் கெண்டையைக்
குறுக்கே குறுக்கே கீறிவிடுவார்களாம்,
முள்ளெல்லாம் பொடிப்பொடியாகும்படி.
சோளமாவில் புரட்டி, காயும் எண்ணெயில்.
சொல்லும்போது அவள் விரல்கள்
கையுறைக்குள்ளேயே வெட்டின.

அப்போதுதான் மாட்டியது அது.
பொன் முதுகு, பால் கண்.
வால்லெய். கௌரவமான மீன்.
அடிவயிற்றில் மூன்று முள்ளும்.
"இது பெரிசு" என்றாள் செனாடா.
"இது கூடாது" என்றேன்.
வெர்லின் காப்பிக் குவளைக்குள்
எதையோ தேடிக்கொண்டிருந்தான்.
முள்ளைக் கழற்றி, இரு கையிலும் ஏந்தி,
தண்ணீரில் விட்டேன்.
வெள்ளை வயிறு மேலாய் ஒரு சுற்று சுற்றியது.
பிறகு பனிக்கட்டியின் விளிம்பு
மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது.

"செத்துடும்தானே?"
"செத்துடும்."
"அப்புறம் எதுக்கு விட்டே?"
"நல்ல மீன், அதனால."
என் மொழியை அவள் ஆறு வருடமாய்ப் பேசுகிறாள்.
அந்த வாக்கியம் மட்டும் அவளுக்குப் புரியவில்லை.
எனக்கும்தான்.

சாயங்காலம் தூக்கத்தைக் கெடுத்து ஃபோன்.
குளியல் தொட்டியில் போட்டாளாம்
பனி உருகட்டும் என்று.
இரண்டு செத்துவிட்டன.
வால் கிழிந்தது மட்டும்
நீந்திக்கொண்டிருக்கிறதாம்.

"கத்தியை எடு" என்றேன்.
ஒரு நாளைக்கு ஆயிரம் பன்றி
எங்கள் இருவர் கைவழியே போகிறது.
மறுமுனையில் தண்ணீர் அலம்பும் சத்தம்.

"மார்லிஸ்" என்றாள் தணிந்த குரலில்,
"ரொட்டித் துண்டு போட்டேன்.
சாப்பிடுது."